திரும்பி வந்தோர் எழுதும் ஏடு

ஆண்டுதோறும் சூன் திங்கள் பிறந்து கல்லூரிகள் திறக்கும் வேளையில், பங்குத்தந்தையரின் மேசைக்கு ஒருவகை எழுத்து தவறாமல் வந்து சேரும். கோடை விடுமுறையில் மலை ஊருக்கோ காட்டு ஊருக்கோ மறைப்பணி முகாம் சென்று திரும்பிய இளைஞர்கள் எழுதும் அனுபவக் கட்டுரை அது. சில நான்கு பக்கம் இருக்கும். சில ஒரு முழு நோட்டுப்புத்தகமாக இருக்கும். பங்கு மலரில் அவற்றுக்கு இடம் தருகிறோம். ஞாயிறு திருப்பலி முடிவில் எழுதியவரை ஒலிபெருக்கியின் முன் நிறுத்திப் பேசச் சொல்கிறோம், கைதட்டுகிறோம். ஆனால் ஒரு நாவலையோ கவிதைத் தொகுப்பையோ எடுத்து வைத்துக்கொண்டு நிறைகுறை காண்பது போல அவற்றை எவரும் திறனாய்ந்ததாக நமக்கு நினைவில்லை. பக்தியோடு எழுதப்பட்டதைக் குறை கூறலாகாது என்னும் தயக்கம் காரணமாயிருக்கலாம். அந்தத் தயக்கம் எழுதியவருக்கும் நன்மை செய்வதில்லை. எவரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்களுக்கும் நன்மை செய்வதில்லை.

நம் பங்கு இளைஞர் ஒருவர் அண்மையில் அத்தகைய ஏடு ஒன்றைக் கொணர்ந்து, "ஃபாதர், படித்துப் பார்த்து, நம் இதழுக்கு அனுப்பலாமா என்று சொல்லுங்கள்" என்றார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்பவர். எண்பது பக்கம், நீல மையில், அழகான கையெழுத்து. மே மாதத்தில் பதினான்கு பேர் கொண்ட குழுவாகத் திண்டிவனத்தில் வேன் ஏறி, விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைமேல் உள்ள சிற்றூர் ஒன்றில் பத்து நாள் தங்கிய வரலாறு அது. அவருடைய இசைவோடுதான் இதை எழுதுகிறோம். அவர் பெயரும் ஊரின் பெயரும் இங்கு வேண்டியதில்லை. அவருடைய ஏட்டைச் சாக்காக வைத்து இந்த எழுத்து வகை முழுவதையும் பார்க்க விரும்புகிறோம். அதில் நாம் எழுதியதும் உண்டு.

நிறையை முதலில் சொல்வோம். இளைஞருக்குக் கண் இருக்கிறது. கோமுகி அணையைக் கடந்து மலைப்பாதையில் வேன் வளைந்து வளைந்து ஏறுகையில் காதடைத்துப்போவதையும், விடியற்காலையில் மரவள்ளித் தோட்டத்தின் மேல் பனி நிற்பதையும் நாமே கூட இருந்து பார்ப்பது போல எழுதியிருக்கிறார். மூன்றாம் நாள் இரவு காய்ச்சல் கண்டு, வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் போலிருந்தது என்றும், செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே செபிக்க முடியாமல் படுத்திருந்தேன் என்றும் ஒரு பக்கம் வருகிறது. அந்தப் பக்கம் மெய்யானது. தம்மைப் பெரியவராகக் காட்டிக்கொள்ளும் ஆசை உள்ளவர் அதை எழுதியிருக்க மாட்டார்.

ஆயினும் ஏட்டின் மொத்தக் கட்டு நமக்குப் பழக்கமானது. புறப்படுமுன் அச்சம், கடினமான பயணம், வறுமையைக் கண்ட அதிர்ச்சி, குழந்தைகளின் சிரிப்பு, பிரியும்போது கண்ணீர். கடைசிப் பக்கத்தில், இத்தகைய கட்டுரைகள் அனைத்தும் வந்து சேரும் அதே முடிவு: கொடுக்கப் போனோம், பெற்றுத் திரும்பினோம். இந்த முடிவைப் படித்ததும் நாம் பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு கேள்வி எழுதினோம்: யாரிடமிருந்து, எதை? கடன் வாங்கியவன் கூடக் கொடுத்தவன் பெயரைக் குறித்து வைப்பான். எண்பது பக்கத்தில் மலை ஊரார் ஒருவர் பெயரும் இல்லை. "ஒரு பாட்டி", "ஒரு சிறுவன்", "கறுத்த மேனியும் வெள்ளை உள்ளமும் கொண்ட மக்கள்" என்றே எழுத்து போகிறது. கடைசி அட்டையின் உட்புறத்தில் மட்டும் பெயர்ப் பட்டியல் உண்டு. அது முகாம் சென்ற பதினான்கு பேரின் பட்டியல்.

இந்த எழுத்தின் குலம்

இளைஞரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நம் நோக்கமன்று. அவர் எழுதியது அவர் கண்டுபிடித்த வடிவமும் அன்று. அதற்கு நீண்ட குலமரபு உண்டு; அந்தக் குலத்தில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் படியெடுக்கப்பட்டு ஊரூராகப் படிக்கப்பட்டன. பின்னர், 1702 தொடங்கி 1776 வரை, உலகின் பல மூலைகளிலிருந்து இயேசு சபைக் குருக்கள் எழுதிய கடிதங்கள் பாரிசு நகரில் 34 தொகுதிகளாக வெளிவந்தன. புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்ட கர்நாடக மறைத்தளத்தின் கடிதங்களும் அவற்றுள் அடக்கம். நாம் இன்று நடமாடும் இதே நிலப்பகுதி பிரெஞ்சு வாசகர்களின் கூடத்தில் அக்கடிதங்கள் வழியே காட்சியளித்தது.

அக்கடிதங்களால் விளைந்த நன்மை பெரிது. அவற்றைப் படித்து எத்தனையோ இளைஞர்கள் வீட்டைத் துறந்து கடல் கடந்தார்கள். நம் முன்னோரின் ஊர், பயிர், பஞ்சம், பழக்கவழக்கம் பற்றிய பல செய்திகள் அவற்றால்தான் நமக்குக் கிடைக்கின்றன. ஆனால் அவை தொலைவில் உள்ள வாசகரின் உள்ளத்தை உருக்கவும், மறைத்தளத்துக்கு ஆளும் பொருளும் திரட்டவும் எழுதப்பட்டவை. எழுதியவரின் துன்பமும் துணிவும் முன்னால் நிற்க வேண்டும். எவரிடையே அவர் வாழ்ந்தாரோ அவர்கள் பின்னால் திரைச்சீலையாக நிற்க வேண்டும். அந்த வாசகருக்கு அது போதுமாயிருந்தது. முந்நூறு ஆண்டு கழிந்தும், நம் இளைஞரின் நோட்டுப்புத்தகத்தில் நிற்கும் ஒழுங்கு அதுவேதான்.

இந்த ஒழுங்கு அதன் கடைசி எல்லை வரை சென்றதை 2018ஆம் ஆண்டு நவம்பரில் உலகம் கண்டது. ஜான் ஆலன் சாவ் என்னும் 26 வயது அமெரிக்க இளைஞர், பிற சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர், அந்தமானின் வடக்கு சென்டினல் தீவுக்கு மீனவர் துணையோடு சட்டத்தை மீறிச் சென்று, தீவு மக்களின் அம்புகளால் இறந்தார். அதற்கு முன் எழுதிய நாட்குறிப்பை மீனவரிடம் விட்டுச் சென்றிருந்தார். அது பின்னர் செய்தித்தாள்களில் வெளிவந்தது. 2023இல் "தி மிஷன்" என்ற ஆவணப்படமும் அவரைப் பற்றி வந்தது. நம் இளைஞர் கூட்டங்களில் அவரை மறைசாட்சி என்பாரும் உண்டு. அறிவிலி என்பாரும் உண்டு. இரண்டுமே அவசரத் தீர்ப்பு. அவருடைய அன்பும் துணிவும் பொய்யானவையென்று நாம் கருதவில்லை. ஆனால் அந்த நாட்குறிப்பில் பேசுகிறவர் ஒருவரே. அவர் கரையை நோக்கி உரக்கக் கூவியது அங்கிருந்தோருக்கு விளங்கவில்லை. அவர்கள் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. வெளியார் கொண்டுவரும் சாதாரணச் சளிக்காய்ச்சலே அத்தீவாரை அழித்துவிடக்கூடும் என்பதால்தான் 1956ஆம் ஆண்டு முதலே சட்டம் அந்தமான் பழங்குடியினருக்குக் காவலாக நிற்கிறது. அவர்கள் "வராதே" என்று சொன்னார்கள். வில்லால் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்கும் இடம் அவருடைய திட்டத்தில் இல்லை.

கல்வராயன் மலையில் அந்தத் தடையும் இல்லை. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகளோடு இப்பெயரை மயக்கலாகாது) பேசுவது தமிழ். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. நாமும் அவர்களும் ஒரே மொழிக்காரர்கள். அவ்வாறிருந்தும் எண்பது பக்கத்தில் அவர்கள் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் ஒன்றேனும் இல்லை. சென்டினல் தீவில் மொழி தெரியாமையால் நேர்ந்தது, இங்கே கேட்கும் பழக்கம் இல்லாமையால் நேர்ந்திருக்கிறது.

மே மாதத்து ஊர்

ஏட்டில் உள்ள சில வரிகளை இன்னும் நெருங்கிப் பார்ப்போம். "பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது; கல்வி ஒளி புகாத ஊர்" என்று ஓரிடத்தில் வருகிறது. படித்ததும் சிரிப்பு வந்தது. பின் வருத்தம் வந்தது. மே மாதத்தில் திண்டிவனத்துப் பள்ளிக்கூடமும் பூட்டித்தான் கிடக்கும். மலையில் அரசின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இயங்குகின்றன. அவற்றில் ஆசிரியர் நாள்தோறும் வருகிறாரா, கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்பவை கேட்கத்தக்க கேள்விகள். ஆனால் கோடை விடுமுறையில் போய்நின்று பூட்டைப் பார்த்தவரால் அவற்றைக் கேட்க முடியாது.

மற்றோரிடத்தில், "ஊரில் பெண்களும் முதியவர்களும் குழந்தைகளுமே இருந்தார்கள், நகரத்து ஆரவாரம் இல்லாத அமைதி" என்கிறார். கூர்மையாகப் பார்த்திருக்கிறார், பொருளைத் தவறவிட்டுவிட்டார். ஆடவர் எங்கே? மழை குறைந்த மாதங்களில் மலை ஊர்களிலிருந்து கேரளத்துக்கும் குடகுக்கும் தோட்ட வேலைக்குக் கூட்டங்கூட்டமாகப் போகிறார்கள். சிலர் ஆந்திரக் காட்டுக்குச் செம்மரம் வெட்ட அழைத்துச் செல்லப்படுகிறார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட தமிழகத் தொழிலாளர் 20 பேர். அவர்களில் பலர் சவ்வாது மலை, சித்தேரி மலைப் பகுதிப் பழங்குடியினர். அத்தகைய ஒரு மலையில் ஆண்கள் இல்லாத ஊரைக் கண்டு அமைதி என்று எழுதுவது, இழவு வீட்டில் சத்தமில்லை என்று மகிழ்வதற்கு ஒப்பாகும்.

"காலம் தீண்டாத ஊர்" என்ற தொடரை அவர் மூன்று முறை எழுதியிருக்கிறார். கல்வராயன் மலையைக் காலம் நன்றாகவே தீண்டியிருக்கிறது. நாடு விடுதலை பெற்ற பின்னும் அம்மலை ஜாகிர்தார்களின் ஆளுகையில் வரியும் கட்டாய உழைப்புமாகக் கிடந்தது. 1976இல்தான் அது அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தது. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதன் பின், சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், பள்ளி, நிலவுரிமை என்று நீதிமன்றத்தில் பேசப்படும் ஒரு மலையைப் பற்றி, நம் ஏடு பனியையும் சிரிப்பையும் மட்டும் எழுதுகிறது. கொடுமை செய்யும் எண்ணம் அதில் இல்லை. ஆனால் ஒரு மக்களின் வரலாற்றை அழித்துவிட்டு அவர்களைப் பாராட்டினால், அந்தப் பாராட்டு அவர்களுக்குப் போய்ச் சேராது.

நாம் எழுதியது

இவ்வளவு சொன்ன நாம் நம் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். குருமடத்தில் பயின்ற காலத்தில் நாமும் ஒரு கோடையில் மலை ஊர் ஒன்றில் மூன்று வாரம் தங்கினோம். திரும்பி வந்து ஒரு கட்டுரை எழுதினோம். அது ஓர் இதழில் வெளிவந்தது. பேராசிரியர் ஒருவர் அதை வகுப்பில் படித்துக் காட்டினார். பல நாள் தரையில் கால் பாவாமல் நடந்தோம். கட்டுரையில் நாம் நோற்ற விரதமும், நடந்த தொலைவும், இருளில் விளக்கின்றிச் சொல்லிய மாலைச் செபமும் விரிவாக இருந்தன.

இருபது ஆண்டுக்கும் மேலாயிற்று. ஒரு நாள் பங்கு அலுவலகத்துக்குத் திருமணத் தாள் ஒன்று வாங்க வந்தவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, அவர் அந்த மலை ஊரைச் சேர்ந்தவர் எனத் தெரிந்தது. மகிழ்ச்சியோடு நம்மை நினைவிருக்கிறதா என்று கேட்டோம். சற்றுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்களா சாமி? எங்க வீட்லதான மத்தியானம் சாப்புடுவீங்க. அந்த மூணு வாரத்துக்கு அம்மா கீழூர்ல ஒரு மூட்டை அரிசி கடன் வாங்குச்சு. கார்த்திகையிலதான் சாமையைப் போட்டுக் கடனைத் தீர்த்துச்சு" என்றார். குறையாகச் சொல்லவில்லை. தம் தாயின் பெருமையாகச் சொன்னார். நாங்கள் நெல்லுச்சோறு தின்று பழகியவர்கள் என்று, தாங்கள் உண்ணும் களியையும் சாமைச்சோற்றையும் எங்களுக்கு வைக்க அந்த அம்மாவுக்கு மனம் வரவில்லையாம்.

அன்று மாலை பழைய பெட்டியிலிருந்து கட்டுரையை எடுத்துப் பார்த்தோம். உணவைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது. கிடைத்ததை உண்டோம் என்று, நம் துறவைக் காட்டுவதற்காக எழுதப்பட்ட வரி. கடன்பட்டுச் சோறிட்ட பெண் அக்கட்டுரையில் எங்குமே இல்லை. அவர் இறந்து ஐந்தாண்டு ஆகிவிட்டது என்று மகன் சொல்லியிருந்தார். நன்றி சொல்ல இனி வாய்ப்பில்லை. கொடுக்கப் போனோம், பெற்றுத் திரும்பினோம் என்று நாமும் முடித்திருந்தோம். அந்த வரி எவ்வளவு உண்மை என்பது எழுதியபோது நமக்குத் தெரியாது.

வழியில் கடந்து போனவர்கள்

இளைஞரின் வேன் திண்டிவனத்தில் புறப்பட்டது என்றோம். தேசிய நெடுஞ்சாலையில் விழுப்புரம் வரை ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். இந்த வட்டாரத்தில், ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும், ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளி, இருளர் குடியிருப்புகள் எத்தனையோ உள்ளன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் ஏறத்தாழ 7,95,000 பேர். அவர்களுள் எண்ணிக்கையில் மலையாளிகள் முதலிடத்திலும் இருளர் அடுத்த இடத்திலும் இருக்கிறார்கள். இருளர், அரசு மிக நலிவுற்ற பழங்குடியாகக் கணக்கிட்டுள்ள ஆறு குழுக்களில் ஒருவர். ஒருவரைக் காண மலையேறிய நம் பிள்ளைகள், மற்றவரை சன்னல் வழியே கடந்து போனார்கள்.

இவர்கள் செங்கல் சூளையிலும் சவுக்குத் தோப்பிலும் அரிசி ஆலையிலும் முன்பணம் வாங்கி, அது தீராமல் குடும்பத்தோடு உழைப்பவர்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆயினும் சூளைகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்தி அதன் பின்னும் பல முறை வந்திருக்கிறது. பிள்ளை மேற்படிப்புக்குப் போகக் கோட்டாட்சியர் தரும் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். அதற்காக அலுவலகத் திண்ணையில் கூலியை இழந்து காத்திருக்கும் பெற்றோரைத் திண்டிவனத்தில் எவரும் பார்க்கலாம். திருட்டு நடந்தால் முதலில் பிடிபடுகிறவரும் இவர்களே என்பது இப்பகுதியின் பழைய துயரம். பேராசிரியர் பிரபா கல்விமணி திண்டிவனத்திலிருந்து பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியே பல்லாண்டாகச் செய்துவரும் பணி இந்தத் துயரத்தினின்று பிறந்தது. அவர் மலையேறவில்லை. மனு எழுதினார், நீதிமன்றப் படி ஏறினார், பள்ளி நடத்தினார்.

இருளர் என்னும் பெயரை 2021இல் வெளிவந்த "ஜெய் பீம்" திரைப்படம் நாடறியச் செய்தது. அப்படத்துக்கு நாம் நன்றியுடையோம். ஆனால் திறனாய்வாளர் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அப்படத்துக்கு மூலமான நிகழ்ச்சியில், 1993இல் காவல்துறையின் பிடியில் உயிரிழந்த விருத்தாசலம் அருகே முதனையைச் சேர்ந்த இராசாக்கண்ணு, குறவர் சமூகத்தவர். படம் அவரை இருளராக்கியது. ஒரு மக்களின் துயரைச் சொல்ல மற்றொரு மக்களின் பெயர் பயன்பட்டது. பிறருக்காகப் பேச வருவோர் எத்துணை நல்லெண்ணம் உடையவராயினும், பெயர் விஷயத்தில் எளிதாக வழுக்குகிறார்கள். நம் முகாம் கட்டுரைகள் பெயரே சொல்லாமல் விடுவதும் அதே வழுக்கலின் சிறிய வடிவமே.

வேறு விதமாக எழுதியவர்கள்

இதை வேறு விதமாகச் செய்ய முடியுமா? முடியும் என்பதற்குத் தமிழிலேயே சான்றுண்டு. 2004இல் வெளிவந்த ச. பாலமுருகனின் "சோளகர் தொட்டி" நாவலை நம் இளைஞர்கள் படிக்க வேண்டும். சத்தியமங்கலம் காட்டுப் பகுதியில், வீரப்பனைத் தேடிய அதிரடிப் படையினரின் கையில் சோளகர் பழங்குடியினர் பட்ட பாட்டைச் சொல்வது அது. ஆசிரியர் வழக்கறிஞர்; மனித உரிமைப் பணியாளராக அம்மக்களிடையே பல்லாண்டு நடமாடியவர். தம் அலைச்சலை எழுதியிருந்தால் அதுவே ஒரு நூலாகியிருக்கும். ஆனால் நாவலில் அவரைத் தேடினாலும் கிடைக்க மாட்டார். முதல் பாதி முழுவதும் தொட்டியின் வாழ்வு: விதைப்பு, திருவிழா, வேட்டை, சண்டை, திருமணம், கொத்தல்லி என்னும் ஊர்த்தலைவரின் சொல். சிவண்ணாவும் மாதியும் நமக்கு உறவினர் ஆன பிறகே கொடுமை வருகிறது. முகமறியாத "பழங்குடி மக்கள்" அடிபடுவதைப் படிப்பது வேறு. மாதி அடிபடுவதைப் படிப்பது வேறு. பெயர் சொல்வதால் விளையும் வேறுபாடு அது.

திருச்சபையிலும் முன்னோடிகள் உண்டு. பெல்சியத்து இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1885இல் சோட்டா நாக்பூர் சென்றபோது, அங்குள்ள பழங்குடியினரைக் கசக்கிய கேள்வி நிலம் என்பதைக் கண்டு, நிலச்சட்டத்தையும் வழக்காற்றையும் கற்று அவர்களுக்கு வழக்கு மன்றத்தில் துணைநின்றார். திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937இல் பிறந்த அருட்தந்தை ஸ்டான் சுவாமி, 1970களின் தொடக்கத்தில் சிங்பூம் பகுதி ஹோ மக்களிடையே கற்கும் மாணவராகத் தங்கினார். பிறகு வாழ்நாளெல்லாம் அந்நாட்டுப் பழங்குடியினரின் நிலத்துக்கும், விசாரணையின்றிச் சிறையில் வாடிய இளைஞருக்கும் குரல் கொடுத்தார். 2020 அக்டோபரில் கைதாகி, 2021 சூலை 5ஆம் நாள், காவலில் இருந்தவாறே மும்பை மருத்துவமனையில் இறந்தார். இவ்விருவரையும் நம் இளைஞரோடு ஒப்பிடுவது நேர்மையாகாது. பத்து நாளில் ஒருவர் லீவன்ஸ் ஆகிவிட முடியாது. ஆயினும் அவர்கள் தொடங்கிய இடத்தில் எவரும் தொடங்கலாம். முதலில் அவர்கள் கேட்டார்கள்.

முதல் அறிக்கையும் முதல் திறனாய்வும்

மறைப்பணி முகாம் கட்டுரைக்கு மூலமாதிரி நற்செய்தியிலேயே இருக்கிறது. லூக்கா நற்செய்தி பத்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் எழுபத்திரண்டு பேரை இருவர் இருவராக அனுப்புகிறார். பணப்பை வேண்டாம், மிதியடி வேண்டாம் என்கிறார். ஒரு வீட்டில் தங்குங்கள், வீட்டுக்கு வீடு மாறாதீர்கள், வைப்பதை உண்ணுங்கள் என்கிறார். அனுப்பப்படுகிறவரின் முதல் தகுதி விருந்தாளியாக இருக்கத் தெரிவதே. சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் தாமே குடிக்கத் தண்ணீர் கேட்டுத்தானே உரையாடலைத் தொடங்கினார்?

எழுபத்திருவரும் மகிழ்ச்சியோடு திரும்பி வருகிறார்கள். பேய்கள்கூட எங்களுக்கு அடிபணிகின்றன என்கிறார்கள். இதுவே முதல் முகாம் அறிக்கை. அதில் "எங்களுக்கு" உண்டு. அவர்களுக்குச் சோறிட்ட வீடுகள் இல்லை. ஆண்டவர் அவர்கள் மகிழ்ச்சியைக் கடிந்துகொள்ளவில்லை, திருத்துகிறார். உங்கள் ஆற்றலைப் பற்றி மகிழாதீர்கள், பெயர்கள் விண்ணகத்தில் எழுதப்பட்டிருப்பதற்காக மகிழுங்கள் என்னும் பொருள்பட மொழிகிறார். பின் தாமே தூய ஆவியில் பேருவகை கொண்டு, ஞானிகளுக்கு மறைத்ததைச் சிறுவருக்கு வெளிப்படுத்திய தந்தையைப் புகழ்கிறார். அறிக்கை எழுதியவரிடமிருந்து பார்வை அகன்று சிறுவர்மேல் விழுகிறது. முதல் திறனாய்வு அது.

அதிகாரம் அங்கே முடியவில்லை. அதே அதிகாரத்தில்தான் எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் லேவியனும் விலகிக் கடந்துபோன உவமை வருகிறது. அதே அதிகாரத்தின் முடிவில்தான் மார்த்தா, வீட்டுக்கு வந்த ஆண்டவருக்கு உணவு படைக்க ஓடியாடுகிறாள். அனுப்பப்படுதல், வழியில் கிடப்பவனைக் காணுதல், சோறிடும் பெண் ஆகிய மூன்றையும் லூக்கா ஓர் அதிகாரத்தில் சேர்த்து வைத்திருக்கிறார். நாம் முதலாவதை மட்டும் பிரித்தெடுத்து முகாம் நடத்துகிறோம். அதைப் பற்றி மட்டும் எழுதுகிறோம்.

கோடை முகாம்களை நிறுத்திவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் முன் விடுமுறையைக் கழிக்காமல் மலையேறிய அந்தப் பதினான்கு பேரையும் நாம் மதிக்கிறோம். ஆனால் பங்குத்தந்தையர் முன்னதாகச் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. போகுமுன் அம்மலையின் வரலாற்றைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். தங்கும் வீட்டுக்கு நம் குழு சுமையாகாதபடி அரிசி பருப்பு கொண்டு போக வேண்டும். ஆனால் அவர்கள் வைக்கும் களியை உண்ணவும் பழக வேண்டும். மழைக்காலத்தில், பள்ளி நடக்கும் நாளில், இருவராக மறுபடி போக வேண்டும். அதற்கும் முன், சனிக்கிழமை மாலையில் சைக்கிளில் போய் வரக்கூடிய இருளர் குடியிருப்புக்கு ஒரு முறையேனும் போக வேண்டும்.

இளைஞரை அழைத்து இவற்றையெல்லாம் சொன்னோம். முகம் வாடிற்று. "அப்படியானால் இதை இதழுக்கு அனுப்ப வேண்டாமா ஃபாதர்?" என்று கேட்டார். அனுப்பலாம், ஆனால் இன்னும் எழுதி முடிக்கவில்லை என்றோம். நம் பழைய கட்டுரையையும், அரிசிக் கடனின் கதையையும் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு நோட்டுப்புத்தகத்தைத் திருப்பி, கடைசி அட்டையின் உட்புறத்தில் உள்ள பதினான்கு பெயர்களைப் பார்த்தார்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்போ ராத்திரி முழுக்கச் சுக்குத் தண்ணி போட்டுக் குடுத்தாங்க ஃபாதர், அந்தப் பாட்டி. பேர் கேக்கவே இல்ல" என்றார்.

அந்தப் பெயரைக் கேட்டு வருவதற்காக ஆவணியில் மலைக்குப் போகிறார். நாமும் உடன் போகிறோம். ஏட்டின் கடைசி அட்டையில் இன்னும் இடம் இருக்கிறது.